உக்ரைனுக்குப் போன டாலரும் பிட்ஸ்பர்க்கில் விழுந்த பாலமும்

கேள்வி: "அமெரிக்கா உக்ரைன் போருக்கு அள்ளிக் கொடுத்த பணத்தை உள்நாட்டிலேயே செலவழித்திருந்தால், இடிந்து விழும் பாலங்களையும் பழைய ஈயக் குழாய்களையும் சரிசெய்திருக்க முடியாதா?"

உக்ரைனுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பணம் தானாகப் பாலங்களுக்குப் போயிருக்காது. அதற்காக, வெளிநாட்டுப் போர்களால் உள்நாட்டுச் செலவுக்குப் பாதிப்பே இல்லை என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். பாதிப்பு உண்டு. அது பெரும்பாலும் போர் நடக்கும் ஆண்டில் தெரியாது. பத்து இருபது ஆண்டு கழித்து, வட்டியாகவும் முன்னாள் படைவீரர்களின் மருத்துவச் செலவாகவும் வந்து நிற்கும். தொகைகளை பில்லியன், ட்ரில்லியன் என்றே தருகிறேன்: ஒரு பில்லியன் 100 கோடி, ஒரு ட்ரில்லியன் லட்சம் கோடி.

முதலில் உக்ரைன் பணம். 2022-க்கும் 2024 ஏப்ரலுக்கும் இடையே அமெரிக்க நாடாளுமன்றம் ஐந்து சட்டங்கள் வழியாகச் சுமார் 175 பில்லியன் டாலர் ஒதுக்கியது. நம் சட்டமன்றத்தில் துணை மானியக் கோரிக்கை வருமே, அதே மாதிரி வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே வந்த கூடுதல் ஒதுக்கீடு இது. இந்த 175 பில்லியனும் பணமாகக் கீவ் நகருக்குப் போகவில்லை. ஒரு பகுதி உக்ரைன் அரசுக்குச் சம்பளம், ஓய்வூதியம் கொடுக்க நேரடியாகப் போனது; 2024 சட்டத்தில் இந்தப் பகுதியைக் கடன் என்றே எழுதினார்கள், தள்ளுபடி செய்யும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்து. இன்னொரு பகுதி ஐரோப்பாவில் அமெரிக்கப் படைகளைக் கூடுதலாக நிறுத்தியதற்கான செலவு. ஆயுதக் கம்பெனிகளிடம் புதிதாக ஆர்டர் கொடுத்து உக்ரைனுக்கு அனுப்ப ஒரு பகுதி. மிச்சத்தில் பெரும்பகுதி, ஏற்கெனவே கிடங்கில் இருந்த ஆயுதத்தை உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்ப அமெரிக்க ராணுவத்துக்கே கொடுத்த பணம்.

கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், குழப்பம் அதிகம் அங்கேதான். 1961-ம் ஆண்டின் வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் 506-வது பிரிவு, ராணுவக் கிடங்கிலிருந்து ஆயுதம் எடுத்து வேறொரு நாட்டுக்குக் கொடுக்க அதிபருக்கு அதிகாரம் தருகிறது. சாதாரண வரம்பு ஆண்டுக்கு 100 மில்லியன் டாலர், அதாவது 10 கோடி. உக்ரைனுக்காக 2022 நிதியாண்டில் இதை 11 பில்லியனாகவும் 2023-ல் 14.5 பில்லியனாகவும் உயர்த்தினார்கள். இந்த வரம்பு பணத்தின் வரம்பு அல்ல, சரக்கின் மதிப்புக்கான வரம்பு. அந்த மதிப்பை எப்படிப் போடுவது என்பதில்தான் சிக்கல். பழைய கவச வண்டியைக் கொடுக்கும்போது அதன் இன்றைய தேய்மான மதிப்பைப் போடுவதா, அதே வேலைக்குப் புது வண்டி வாங்க ஆகும் விலையைப் போடுவதா? பல பொருள்களுக்குப் புது விலையைப் போட்டுவிட்டார்கள். 2023 ஜூனில் பென்டகன் மறுபடி கணக்குப் பார்த்தபோது 6.2 பில்லியன் டாலர் அதிகமாகப் பதிவாகியிருந்தது தெரிந்தது. அதனால் அந்த அளவுக்கு இன்னும் ஆயுதம் கொடுக்க இடம் கிடைத்தது. கருவூலத்துக்கு ஒரு காசும் திரும்பவில்லை. 'அந்த 6.2 பில்லியனைச் சாலைக்குத் திருப்பியிருக்கலாமே' என்று அப்போது பலர் கேட்டார்கள். திருப்புவதற்குப் பணம் என்று ஒன்று அங்கே இல்லை. கையிருப்புப் பதிவேட்டில் எண் மாறியது, அவ்வளவுதான்.

கிடங்கை மறுபடி நிரப்பும் பணம் நிஜமான பணம். 2024 ஏப்ரல் சட்டத்தில் உக்ரைனுக்கென இருந்த சுமார் 61 பில்லியனில் 13 பில்லியனுக்கு மேல் இதற்குத்தான். அது பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஆலையில் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டாகவும், அலபாமாவின் டிராய் நகரில் ஜாவலின் ஏவுகணையாகவும் மாறுகிறது. இதை வைத்து, 'பணம் அமெரிக்காவிலேயே செலவாகிறது, அமெரிக்கர்களுக்கே வேலை' என்று அரசு தரப்பில் வாதாடினார்கள். இந்த வாதத்தில் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். கூலி அமெரிக்கத் தொழிலாளிக்குத்தான் போகிறது, சரி. ஆனால் குண்டு வெடித்து முடிந்துவிடும். அதே கூலிக்குக் கட்டிய பாலத்தில் எழுபது ஆண்டு வண்டி ஓடும். உக்ரைனுக்கு ஆயுதம் கொடுப்பதற்குப் பாதுகாப்புக் காரணம் சொல்லுங்கள், அதை எடைபோடலாம். அதை வேலைவாய்ப்புத் திட்டமாக விற்பது நேர்மையான வாதம் இல்லை.

அடுத்து பாலம். 2022 ஜனவரி 28 காலை பிட்ஸ்பர்க் நகரில் ஃபோர்ப்ஸ் அவென்யூவைத் தாங்கிய ஃபெர்ன் ஹாலோ பாலம் பூங்காப் பள்ளத்தாக்கில் விழுந்தது. ஒரு நீளப் பேருந்தும் சில கார்களும் கூடவே இறங்கின. பனிக்காலத்து விடியற்காலை, பள்ளிகள் தாமதமாகத் திறக்கும் நாள் என்பதால் கூட்டம் இல்லை. காயங்களோடு போயிற்று, உயிர்ச்சேதம் இல்லை. உள்கட்டமைப்பு பற்றிப் பேச அதே நாள் அதிபர் பைடன் பிட்ஸ்பர்க் வருவதாக முன்பே முடிவாகியிருந்தது. ஒரு மாதத்துக்குள் உக்ரைன் போரும் தொடங்கிவிட்டதால், இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது.

புதுப் பாலத்துக்குச் சுமார் 25 மில்லியன் டாலர் ஆனது. 175 பில்லியனை 25 மில்லியனால் வகுத்தால் 7,000 பாலங்கள். வகுத்தல் சரிதான். ஆனால் அந்தப் பாலம் ஏன் விழுந்தது என்று பார்த்தால், 25 மில்லியன் இல்லாததால் விழவில்லை.

அந்தப் பாலம் 1970-களின் தொடக்கத்தில் 'வெதரிங் ஸ்டீல்' என்னும் எஃகில் கட்டியது. பெயின்ட் தேவையில்லாத எஃகு என்பார்கள். மேலே ஒரு மெல்லிய துருப்படலம் உருவாகி, அதுவே உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும். ஒரே நிபந்தனை, நனைந்தால் காய வேண்டும். நனைந்தபடியே கிடந்தால் படலம் இறுகாது, துரு நிற்காமல் உள்ளே போகும். ஃபெர்ன் ஹாலோவில் பாலத்தின் மேல்தள வடிகால்கள் அடைத்துக்கொண்டன. பனி உருக்கப் போட்ட உப்புக் கலந்த தண்ணீர் வடிகாலில் போகாமல் சாய்ந்த எஃகுக் கால்கள் வழியே வழிந்தது. கால்களின் அடியில் இலைச்சருகும் மண்ணும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்தன. தென்மேற்குக் காலில் குறுக்கே இணைக்கும் தகடு அரித்து அரித்து, ஒரு நாள் விட்டுக்கொடுத்தது.

2011 முதலே அது 'மோசம்' என்ற தரத்தில்தான் இருந்தது. ஆய்வாளர்கள் ஒழுங்காகப் போய்ப் பார்த்து, வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள், குப்பையை அள்ளுங்கள், அரித்த தகட்டைச் சரிசெய்யுங்கள் என்று அறிக்கைக்கு அறிக்கை எழுதினார்கள். பாலத்தின் சொந்தக்காரரான நகராட்சி செய்யவில்லை. விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024-ல் கொடுத்த முடிவின் சாரம் இதுதான். இன்னொன்றும் சொன்னது: பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று போட்ட கணக்கில் மேலே இருந்த தார்ப்படலத்தின் கனத்தைக் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் பாலத்தையே மூடியிருக்க வேண்டும்.

மண்வெட்டியும் தண்ணீர்க் குழாயும் ஆண்டுக்குச் சில நாள் கூலியும் போதுமான வேலை அது. கூட்டாட்சி நெடுஞ்சாலைப் பணத்தை அப்படிப்பட்ட அன்றாடப் பராமரிப்புக்குப் பொதுவாகச் செலவழிக்க முடியாது. புதிதாகக் கட்ட, புதுப்பிக்க, ஆயுளை நீட்டிக்கும் திட்டமிட்ட பணிகளுக்கு வாஷிங்டன் காசு தரும். வடிகாலில் சருகு அள்ளுவது உள்ளூர்க்காரர் பொறுப்பு என்பது சட்டத்தின் நிலை. நகராட்சி அதற்குச் சொத்து வரியையும் வருமான வரியையும்தான் நம்ப வேண்டும். மக்கள் தொகை சுருங்கிய பழைய தொழில் நகரங்களில் அந்த வரி ஓய்வூதியத்துக்கும் காவல்துறைக்குமே பத்தாது. பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் இந்த ஆண்டு யாருக்கும் தெரியாது. அதனால் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு: வடிகாலைப் பராமரித்த ஊருக்கு வாஷிங்டனிடமிருந்து ஒன்றும் கிடைக்காது, பராமரிக்காமல் பாலத்தை இழந்த ஊருக்குப் புதுப் பாலம் கிடைக்கும். ஃபெர்ன் ஹாலோ ஒரே ஆண்டுக்குள், கூட்டாட்சிப் பணத்தில், எழுந்து நின்றது.

எல்லாப் பால விபத்தும் பராமரிப்புக் குறையால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007 ஆகஸ்ட் 1-ல் மினியாபொலிஸில் 13 பேரைப் பலிகொண்ட ஐ-35டபிள்யூ பாலத்தில் குற்றம் வடிவமைப்பில் இருந்தது. ஒரு அங்குலம் கனம் இருக்க வேண்டிய, உத்தரங்களை இணைக்கும் கசெட் தகடுகள் அரை அங்குலத்தில் இருந்தன. ஆண்டுகள் போகப் போக மேலே கான்கிரீட் கூடியது, விழுந்த அன்று கட்டுமானப் பொருள்களையும் மேலே குவித்திருந்தார்கள். ஈராக் போர் உச்சத்தில் இருந்த நேரம் என்பதால் 'பாக்தாத்துக்குக் காசு இருக்கிறது, மினியாபொலிஸுக்கு இல்லை' என்று எழுதினார்கள். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் அந்தப் பாலத்துக்குப் பொருந்தாது.

பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் பாலங்கள். கிட்டத்தட்ட எல்லாமே மாநிலங்கள், மாவட்டங்கள், நகராட்சிகளின் சொத்து. 2017-ல் போக்குவரத்துக்கும் தண்ணீருக்கும் எல்லா அரசுகளும் சேர்ந்து செலவழித்த 441 பில்லியனில் கூட்டாட்சி அரசின் பங்கு 98 பில்லியன்தான். நான்கில் மூன்று பங்கை மாநிலமும் ஊரும் போட்டன. போருக்கு ஒரே முதலாளி, வாஷிங்டன். பாலத்துக்கு ஆயிரக்கணக்கான முதலாளிகள். போருக்கான பணத்தை ஒரு சட்டத்தில் முடிக்கலாம். பாலத்துக்கான பணம் ஒவ்வொரு ஊரின் பங்கும் சேர்ந்தால்தான் முழுமையாகும்.

நெடுஞ்சாலைப் பணத்தில் வெளியே அவ்வளவாகத் தெரியாத ஒரு விதி, அது திருப்பித் தரும் திட்டம் என்பது. மாநிலம் முதலில் ஒப்பந்தக்காரருக்குத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும், பிறகு ரசீது அனுப்பினால் வழக்கமாக 80 சதவீதமும் மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கு 90 சதவீதமும் திரும்ப வரும். மீதி 10 அல்லது 20 சதவீதம் சொந்தப் பங்கு. 10 மில்லியன் டாலர் பாலத்துக்கு ஒரு சிறு மாவட்டம் 2 மில்லியன் புரட்ட வேண்டும். அதற்கு முன்பே மண் பரிசோதனை, வரைபடம், நில எடுப்பு, சுற்றுச்சூழல் அனுமதி என்று கைக்காசு கரையும். மானியத்துக்கு விண்ணப்பம் எழுதவே ஒரு பொறியாளர் வேண்டும். அவர் இல்லாத மாவட்டம் விண்ணப்பிக்காது. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் இதைப் புரிந்துகொண்டு, பாலங்களுக்கான பணத்தில் 15 சதவீதத்தை முக்கியச் சாலையில் இல்லாத உள்ளூர்ப் பாலங்களுக்கென ஒதுக்கி, அவற்றுக்கு ஊர்ப்பங்கே வேண்டாம் என்றது. அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

இந்தப் பணத்தின் ஊற்று, பெட்ரோல் வரி. கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். 1993-க்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. விலைவாசிக்கு ஈடுகட்ட வேண்டுமானால் இன்று 40 சென்ட் அளவில் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு வண்டிகளின் மைலேஜும் கூடியது. அதனால் நெடுஞ்சாலை நிதியம் 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து பணம் வாங்கியே ஓடுகிறது. 2021 சட்டத்தில் மட்டும் 118 பில்லியன். ஈராக்கில் சண்டை போட்டதால் இந்த வரி உறையவில்லை. வரியைத் தொட்டால் தேர்தலில் தோற்போம் என்று இரண்டு கட்சிகளும் பயந்ததால் உறைந்தது.

இனி, போர்ச் செலவுக்கு மட்டும் எப்படி வழி எளிதாகத் திறக்கிறது என்பது. இங்கேதான் கேள்வி கேட்டவரின் ஆதங்கத்தில் முழு நியாயம் இருக்கிறது. 2023 ஜூனில் கடன் வரம்புப் பேரத்தில் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம், 2024 நிதியாண்டுக்குப் பாதுகாப்புத் துறைக்கு 886 பில்லியன், மற்ற எல்லா விருப்பச் செலவுக்கும் (நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் செலவு) 704 பில்லியன் என்று உச்சவரம்பு போட்டது. இந்த இரண்டாவது வரம்புக்குள்தான் குடிநீர், பள்ளி, வீட்டுவசதி, ஆராய்ச்சி எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஆனால் 1985-ம் ஆண்டின் பற்றாக்குறைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 251-வது பிரிவில் ஒரு கதவு உண்டு. 'அவசரத் தேவை' என்று நாடாளுமன்றமும் அதிபரும் முத்திரை குத்திய தொகை வரம்பில் சேராது. உக்ரைன், இஸ்ரேல், தைவான் மூன்றுக்குமான 2024 ஏப்ரல் சட்டத்தின் 95 பில்லியன் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது. அதற்கு ஈடாக வேறெதையும் வெட்ட வேண்டியதில்லை, வரியும் போட வேண்டியதில்லை, முழுக்கக் கடன்.

இதனால் இரண்டு விளைவுகள். அந்த ஆண்டில் உக்ரைன் பணம் குடிநீர்த் திட்டத்தின் பங்கைப் பிடுங்கவில்லை, வரம்புக்கு வெளியே வந்ததால் பிடுங்கவும் முடியாது. ஆகவே நேரடிப் போட்டி என்ற வாதம் விழுகிறது. ஆனால் ஒரே நாட்டின் ஒரே கடனில், ஒரு செலவு வரிசையில் நிற்காமல் உள்ளே போகிறது, இன்னொன்று வரிசையில் நின்று பாதியோடு திரும்புகிறது. இந்த ஏற்பாடு மிகவும் தவறாகப் போன காலமும் உண்டு. 2011-ல் போட்ட உச்சவரம்புக்கு விலக்காக 'வெளிநாட்டு அவசர நடவடிக்கைகள்' என்ற தனிக் கணக்கு இருந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் செலவுக்கென்று ஏற்பட்ட அதில் பென்டகனின் அன்றாடச் செலவும் மெல்லப் புகுந்தது. 2020 நிதியாண்டுக்கான கோரிக்கையில் சுமார் 98 பில்லியன் டாலர் அன்றாடச் செலவை வெளிப்படையாகவே போர்க் கணக்கில் எழுதினார்கள். நாடாளுமன்றம் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். கேட்கவே துணிந்தார்கள் என்பதைப் பாருங்கள். அந்தத் தனிக் கணக்கை 2021-க்குப் பிறகு மூடிவிட்டார்கள்.

அதே கதவை உள்நாட்டுக்கும் திறக்கலாம், திறந்தும் இருக்கிறார்கள். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் நேரடி ஒதுக்கீடுகளுக்கு 'அவசரத் தேவை' முத்திரைதான். 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்த பால்டிமோர் பாலத்துக்கும் அந்த ஆண்டு டிசம்பரில் முழுச் செலவையும் கூட்டாட்சியே ஏற்றது. 2022 டிசம்பர் 29-ல் கையெழுத்தான பெரிய ஒதுக்கீட்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதே கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் தவித்த ஒன்றரை லட்சம் பேர் வாழும், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்துக்கு 600 மில்லியன், உக்ரைன் தொடர்பான செலவுக்கு சுமார் 47 பில்லியன், இரண்டும் ஒரே சட்டத்தில் அடுத்தடுத்த பகுதிகளில் இருக்கின்றன. ஒன்று இருந்ததால் இன்னொன்று நிற்கவில்லை. ஆனால் ஜாக்சனின் சுத்திகரிப்பு நிலையம் நின்றுபோன பிறகுதான் அது 'அவசரம்' ஆனது. நிலையம் பழுதாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அந்த முத்திரை கிடைக்கவில்லை.

வரலாற்றில் இரண்டு தருணங்கள் இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன. 1956-ல் அதிபர் ஐசனோவர் இன்டர்ஸ்டேட் சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்: 41,000 மைல், 25 பில்லியன் டாலர், 90 சதவீதம் கூட்டாட்சிப் பங்கு. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 10 சதவீதம் ராணுவத்துக்குப் போனது. இன்று அது 3 சதவீதம் அளவில்தான். அவ்வளவு ராணுவச் செலவுக்கு நடுவிலும் சாலை வந்தது எப்படி? பெட்ரோல் வரியை 2 சென்டிலிருந்து 3 சென்டாக உயர்த்தி, அதைத் தனி நிதியத்தில் போட்டு, வந்த காசுக்குள் கட்டினார்கள்.

இரண்டாவது தருணம் 1968. வியட்நாம் போரையும் ஏழ்மை ஒழிப்புத் திட்டங்களையும் வரி ஏற்றாமல் ஒரே நேரத்தில் நடத்திவிடலாம் என்று அதிபர் ஜான்சன் முயன்றார். விலைவாசி ஏறியது. கடைசியில் 10 சதவீத வருமான வரிக் கூடுதல் கேட்டுப் போனபோது, நாடாளுமன்ற வரிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் விலை சொன்னார்: 6 பில்லியன் செலவு வெட்டு. ஜான்சன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. போர், உள்நாட்டுத் திட்டத்தை நேருக்கு நேர் வெட்டியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. போரின் விலையை மக்கள் முன் வைக்காமல் தள்ளிப்போட்டதால்தான் அந்த நிலைமை வந்தது.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அந்த அளவுக்குக்கூட விலை கேட்கவில்லை. 2001 நிதியாண்டில் அமெரிக்க பட்ஜெட் 128 பில்லியன் உபரியில் இருந்தது. 2001-லும் 2003-லும் வரிக் குறைப்பு. நடுவே இரண்டு போர். 2004-ல் பற்றாக்குறை 413 பில்லியன். கொரியப் போருக்கு அதிபர் ட்ரூமன் வரி ஏற்றினார். ஈராக் போருக்கு வரி குறைந்தது. 2009-ல் டேவிட் ஓபி என்ற உறுப்பினர் போருக்கென்று தனி வரி போடலாம் என்று மசோதா கொண்டுவந்தார், யாரும் சீண்டவில்லை. ஈராக்கில் அமெரிக்கா உள்கட்டமைப்பும் கட்டியது என்பது பலருக்கு நினைவிருக்காது. 2003 நவம்பரில் மறுகட்டமைப்புக்கென்றே 18.4 பில்லியன் ஒதுக்கினார்கள். ஃபலூஜாவில் 32.5 மில்லியனுக்குத் திட்டமிட்ட பாதாளச் சாக்கடை 100 மில்லியனைத் தாண்டியும் எண்ணியதில் ஒரு பகுதி வீடுகளைத்தான் எட்டியது. சண்டை ஓயாத ஊரில் குழாய் பதித்ததால் பாதுகாப்புச் செலவே மலையாகச் சேர்ந்தது.

அந்தப் போர்களின் பில் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. முன்னாள் படைவீரர் துறையின் செலவு 2001-ல் சுமார் 45 பில்லியன். 2024-ல் 300 பில்லியனுக்கு மேல். எல்லாமே ஈராக்கால் அல்ல, வியட்நாம் வீரர்களின் முதுமையும் மருத்துவ விலையேற்றமும் அதில் இருக்கின்றன. ஆனால் 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டம், பெரும்பாலும் ராணுவ முகாம்களில் குப்பையை எரித்த குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்கானது. பத்தாண்டுக்கு ஏறத்தாழ 280 பில்லியன் என்று அப்போது மதிப்பிட்டார்கள். பாலங்களுக்கென 2021 சட்டம் தனியாக ஒதுக்கிய 40 பில்லியனைப் போல ஏழு மடங்கு. அந்த வீரர்களுக்கு அது சேர வேண்டிய கடன்; ஒரு டாலரும் குறைக்கக் கூடாது. போரைத் தொடங்கிய நாளில் இந்த எண்ணை யாரும் மேசையில் வைக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. கூடவே வட்டி: 2024 நிதியாண்டில் நிகர வட்டி சுமார் 880 பில்லியன், பாதுகாப்புச் செலவையே தாண்டிவிட்டது. பழைய போர்களும் வரிக் குறைப்புகளும் கொரோனாச் செலவும் எல்லாம் கலந்த வட்டி அது. பாலத்தோடு உண்மையில் போட்டி போடுவது இதுதான்.

சரி, பணம் கிடைத்தால் எல்லாம் நடந்துவிடுமா? 2021 நவம்பரில் 1.2 ட்ரில்லியன் சட்டம் வந்தது, அதில் 550 பில்லியன் புதுப்பணம். உக்ரைனுக்கு ஒதுக்கியதைப் போல மூன்று மடங்கு. அதன்பின் சாலைக் கட்டுமானச் செலவு இரண்டு மூன்று ஆண்டுகளில் வெகுவாக ஏறி, புதுப்பணத்தின் பெரும் பங்கைத் தின்றது. நெடுஞ்சாலையோர மின் சார்ஜிங் நிலையங்களுக்கு 5 பில்லியன் கொடுத்தார்கள்; முதல் நிலையம் 2023 டிசம்பரில்தான் ஒஹாயோவில் திறந்தது. மாநிலத் திட்டம், ஒப்புதல், டெண்டர், மின்வாரிய இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மருக்குக் காத்திருப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆண்டு.

ஈயக் குழாய்க்கு 15 பில்லியன். நாட்டில் சுமார் 92 லட்சம் ஈய இணைப்புகள் என்று 2023-ல் மதிப்பிட்டார்கள். ஒன்றுக்குச் சராசரி 4,700 டாலர் என்றால் 43 பில்லியன் வேண்டும். இங்கே பணப் பற்றாக்குறை நிஜம். ஆனால் தடை அது மட்டும் இல்லை. தெருவிலிருந்து வீட்டு எல்லை வரை குழாய் நகரத்துடையது, எல்லைக்கு உள்ளே வீட்டுக்காரருடையது. பல ஊர்கள் தம் பாதியை மட்டும் மாற்றிவிட்டுப் போயின. அது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மோசம்: வெட்டும்போது குழாயின் உட்படிவு அசைந்து மீதிப் பாதியிலிருந்து ஈயம் கூடுதலாகக் கலக்கும், செம்பும் ஈயமும் தொடும் இடத்தில் அரிப்பும் வரும். நியூ ஜெர்சியின் நூவர்க் நகரம் இதைச் சரியாகச் செய்தது. 2019-ல் எசெக்ஸ் மாவட்டம் 120 மில்லியன் டாலர் கடன் பத்திரம் வெளியிட்டுக் கொடுத்தது. வீட்டுக்காரருக்கு ஒரு பைசா செலவில்லை. வாடகை வீடுகள் அதிகம், உரிமையாளரைத் தேடிப் பிடிக்கவே மாதக்கணக்காகும் என்பதால், அவர் சம்மதம் இல்லாமலே உள்ளே போய்க் குழாய் மாற்ற நகரச் சட்டம் இயற்றினார்கள். வீடு வீடாக அனுமதி கேட்காமல் தெருத் தெருவாகத் தோண்டினார்கள். சுமார் 23,000 இணைப்புகள், மூன்று ஆண்டுக்குள்.

'அங்கே கொடுத்ததை இங்கே கொடுத்திருக்கலாம்' என்று யாராவது ஒரு எண்ணோடு வந்தால், நான் பார்ப்பது இவைதான். அந்த எண் ஒதுக்கீடா, ஒப்பந்தமானதா, உண்மையில் வெளியே போன பணமா? மூன்றும் ஆண்டுக்கணக்கில் விலகி நிற்கும். ஒன்றின் ஒதுக்கீட்டை இன்னொன்றின் ஓராண்டுச் செலவோடு ஒப்பிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பிறகு, சட்டத்தின் அந்தப் பத்தியின் கடைசியில் 'அவசரத் தேவை' என்ற சொற்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது கடன், வேறெந்தத் திட்டத்திலிருந்தும் எடுத்ததல்ல. கடனாக வந்திருந்தால், அதன் வட்டியும் பின்னாளைய மருத்துவச் செலவும் சேர்த்து எவ்வளவு என்ற மதிப்பீடு அந்த விவாதத்தில் இருந்ததா?

அமெரிக்காவில் வசிப்பவர்கள் தங்கள் ஊர்ப் பாலத்தையே பார்க்கலாம். தேசியப் பாலப் பதிவேடு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. மேல்தளம், மேல்கட்டு, கீழ்க்கட்டு மூன்றுக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண். எதிலாவது 4 அல்லது அதற்குக் கீழே வந்தால் 'மோசம்'. நாட்டில் சுமார் 42,000 பாலங்கள் அந்த நிலையில் உள்ளன. 'மோசம்' என்றால் நாளையே விழும் என்று பொருளல்ல. எண்ணைப் பார்த்துவிட்டு நகராட்சியிடம் கடைசி மூன்று ஆய்வறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். சில இடங்களில் பாதுகாப்புக் காரணம் சொல்லி முழுதாகத் தர மாட்டார்கள், பரிந்துரைப் பக்கத்தையாவது கேளுங்கள். மூன்றிலும் ஒரே பரிந்துரை திரும்பத் திரும்ப வந்திருந்தால், நகரத்தின் இந்த ஆண்டு பட்ஜெட்டில் பாலப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், போன ஆண்டு அதில் எவ்வளவு செலவானது என்று பாருங்கள். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் சாலைப் பகுதிக்கு 2026 செப்டம்பர் 30 வரைதான் காலம். நெடுஞ்சாலை நிதியம் 2028 வாக்கில் காலியாகும் என்று கணித்திருக்கிறார்கள். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் உக்ரைனைப் பற்றிக் கேட்கும் கடிதத்திலேயே, பெட்ரோல் வரியைப் பற்றியும் வடிகால் சுத்தம் செய்யக் கூட்டாட்சிப் பணத்தை அனுமதிப்பது பற்றியும் அவர் நிலைப்பாட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.